புல்லட்டின் பின்சக்கரமும் ஒரு மார்க்கக் கேள்வியும்



ஒரு பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது அப்பொருளை உள்ளபடி அறிவதன் கிளை என்பது, உஸூல் பாடத்தில் மாணவர்களுக்கு நாம் தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுக்கும் விதி. அறியாத ஒன்றுக்கு யாரேனும் தீர்ப்புக் கேட்டால், கிதாபைத் திறப்பதற்கு முன் அந்தப் பொருளைப் போய்ப் பார்க்க வேண்டும். சென்ற மழைக்காலத்தில் இவ்விதியை மதித்தே நாம் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறைக்குச் சென்று, இரண்டு மாலைப் பொழுதுகள் அங்கே அமர்ந்திருந்தோம். நம்மிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒரு மட்கார்டைப் பற்றியது.

கேட்டவர் நம்மிடம் ஓதிய மாணவர். பதினொரு ஜுஸ்உ மனனம் செய்தபின், தந்தையார் நோயுற்றதால் ஓதலை நிறுத்திக்கொண்டு வேலைக்குச் சென்றவர். வெளியூர்ப் பட்டறை ஒன்றில் ஆறாண்டுகள் தொழில் பழகி, இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டுப் பழைய புல்லட் வண்டிகளை உரிமையாளர் விருப்பப்படி மாற்றிக் கட்டிக் கொடுக்கிறார். ஊரில் சிலர் அவரை "ஓதலை விட்டுவிட்டு ஓடியவர்" என்றே இன்னும் குறிப்பிடுகிறார்கள். தம் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் தாவூத் (அலை) அவர்களைச் சான்றாகக் காட்டிச் சொன்ன ஹதீஸை நாம் அவர்களிடம் நினைவூட்டுவதுண்டு. இக்கட்டுரையில் அவரைத் 'தம்பி' என்றே குறிப்பிடுகிறோம்.

அவரிடம் ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார். துபாயில் வேலை பார்ப்பவர். விடுமுறைக்கு ஊர் வந்தவர். மறைந்த தம் தந்தையாரின் புல்லட் 350 வண்டியைப் புதிதாகக் கட்டித் தர வேண்டுமென்று முன்பணம் கொடுத்துவிட்டார். வண்டி 'பாபர்' வடிவில் இருக்க வேண்டும், பின் மட்கார்டை ஒரு சாண் அளவுக்கு வெட்டிவிட வேண்டும், பக்கத்தில் இருக்கும் சாரி கார்டைக் கழற்றிவிட வேண்டும், இருக்கை ஒன்று போதும் என்பவை அவருடைய நிபந்தனைகள். பாபர் என்பது அமெரிக்கரின் பழைய வழக்கம். வண்டியின் எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டுவதற்காக முன் மட்கார்டைக் கழற்றி எறிந்து, பின் மட்கார்டைக் கத்தரித்துக் குட்டையாக்கினார்கள். அவர்கள் ஃபெண்டர் என்பதைத்தான் நம் ஊரில் மட்கார்டு என்கிறோம். நம் சொல்லில் அதன் வேலையும் அடங்கியிருக்கிறது: சேற்றுக்குக் காவல்.

"ஹஜ்ரத், இதை வெட்டிக் கொடுத்தா அந்தக் கூலி எனக்கு ஹலாலா?" என்பதுதான் தம்பியின் கேள்வி. கேட்ட நேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு. அருகிலிருந்த பெரியவர் ஒருவர், "இந்த வேலையே வீண்விரயம், ஆடம்பரம், இதில் ஹலால் என்ன, ஹராம் என்ன" என்று உடனே முடித்துவிட்டார். நமக்கு அதில் உடன்பாடில்லை. அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8ஆவது வசனத்தில் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் குறிப்பிடும் அல்லாஹ், அவை ஏறிச் செல்வதற்கும் அலங்காரத்துக்கும் உரியவை என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறான். மனிதர்கள் அறியாதவற்றையும் படைப்பதாக அதே வசனத்தில் அறிவிக்கிறான். ஏறிச் செல்லும் வாகனம் அழகாயிருக்க வேண்டுமென்று விரும்புவது குற்றமன்று. ஆகவே கேள்வி அலங்காரத்தைப் பற்றியதன்று. அலங்காரத்தின் பொருட்டு எதை வெட்டுகிறோம் என்பதைப் பற்றியது. அதை அறியப் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது.

முதல் மாலை சக்கரத்தின் வேலை நடந்தது.

புல்லட் நம் மாநிலத்துக்குப் புதிய வண்டியன்று. 1955ஆம் ஆண்டு சென்னையில் இன்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டதும், பின்னர் திருவொற்றியூர் ஆலையிலிருந்து அவ்வண்டிகள் நாடெங்கும் சென்றதும் பலர் அறிந்த செய்தி. நாம் பார்த்தது இரும்பு எஞ்சின் கொண்ட பழைய வகை. முன்னும் பின்னும் 19 அங்குலச் சக்கரம், 3.25 அங்குல டயர். கடற்காற்றில் பின் ரிம் முழுவதும் துருப்பிடித்துக் கம்பிகள் நிப்பிளோடு ஒட்டிப் போயிருந்தன. தம்பி நடுவிலிருக்கும் ஹப்பை மட்டும் வைத்துக்கொண்டு, புது ரிம்மும் புதுக் கம்பிகளும் போட்டிருந்தார்.

வாடிக்கையாளர் முதலில் 15 அங்குல ரிம்மும் 130 மில்லிமீட்டர் அகல டயரும் கேட்டாராம். ஸ்விங் ஆர்மின் இரண்டு கைகளுக்கு நடுவே அவ்வளவு அகலத்துக்கு இடமில்லை. டயர் இடப்பக்கம் செயினை உரசும். சிலர் சக்கரத்தை வலப்பக்கம் சற்றே தள்ளி மாட்டி, உரசாமல் செய்துவிடுவார்கள். "வெளிய பார்த்தா தெரியாது ஹஜ்ரத். ஆனா முன்சக்கரம் ஒரு கோட்டுல போகும், பின்சக்கரம் வேற கோட்டுல போகும். அவசரத்துல பிரேக் பிடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்" என்றார் தம்பி. அந்த ஆசையை அவர் முதல் நாளே மறுத்துவிட்டிருந்தார். வாடிக்கையாளரும் அதை ஏற்றுக்கொண்டார்.

சக்கரம் கோப்பதை நாம் அதுவரை அருகிலிருந்து பார்த்ததில்லை. ஹப்பிலிருந்து நாற்பது கம்பிகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து ரிம்முக்குப் போகின்றன. பாதிக் கம்பிகள் ரிம்மை வலப்பக்கம் இழுக்கின்றன; மறுபாதி இடப்பக்கம் இழுக்கின்றன. இரண்டு இழுப்பும் சமமாக இருந்தால்தான் ரிம் நேராகச் சுற்றும். அதற்குத்தான் பெண்டு எடுப்பது. ரிம்மின் ஓரத்தில் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றுகிறார். ரிம் எங்கே புடைத்திருக்கிறதோ அங்கே சாக்பீஸ் கோடு விழுகிறது. கோடு விழுந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியின் நிப்பிளைக் கால் திருகு இறுக்குகிறார்; மறுபடி சுற்றுகிறார். ஒரே கம்பியில் முழுத் திருகு கொடுத்தால் அவ்விடம் சரியாகி, அடுத்த இடம் கெடும். இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இறுதியில் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டி ஓசை கேட்டார். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கிறது, இறுகியது கணீரென்று. தஜ்வீத் வகுப்பில் மக்ரஜ் பிசகும்போது கண்ணை மூடியபடியே திருத்தும் நமக்கு, அவர் ஓசையில் பிழை பார்த்தது வியப்பாக இல்லை. காது பழகிய பிள்ளை.

பிறகு சக்கரத்தை வண்டியில் மாட்டும் வேலை. புல்லட்டில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சக்கரத்தைக் கழற்றும்போது பல்சக்கரமும் பிரேக் டிரம்மும் செயினோடு ஸ்விங் ஆர்மிலேயே தங்கிவிடும். சக்கரம் மட்டும் தனியாக வெளியே வரும். ஹப்புக்கும் டிரம்முக்கும் நடுவே ரப்பர் கட்டிகள் இருக்கின்றன. எஞ்சின் இழுக்கும் திடீர் உலுக்கலை அவையே வாங்கிக்கொள்கின்றன. பழைய ரப்பர் கல்லாய் இறுகியிருந்தது. புது ரப்பரைச் சோப்பு நீரில் நனைத்து உள்ளே தள்ளிவிட்டு, சக்கரத்தைப் பொருத்தி, ஆக்சிலை நுழைத்தார். ஆக்சில் பாதி போனதும் ஸ்பேசரை வைக்க வேண்டும். விரல் நீளம்கூட இல்லாத குழாய்த் துண்டுதான் அது. அது இல்லாமல் நட்டை இறுக்கினால் பேரிங் நெரிபடும், சக்கரமும் நடுவிலிருந்து விலகும்.

ஆக்சிலின் இருபுறமும் நத்தை ஓடுபோல் சுருண்ட கேம்கள் உள்ளன. அவற்றைத் திருப்பினால் சக்கரம் பின்னால் நகர்ந்து செயின் இறுகும். இருபுறமும் ஒரே எண் பள்ளத்தில் நிறுத்தினால் சக்கரம் நேராக இருக்க வேண்டும். "இருக்கணும். முப்பது வருஷத்து வண்டியில இருக்கும்னு நம்ப முடியாது" என்று சொல்லி, நூலை எடுத்தார். பின் டயரின் பின்பக்கம் நூலைச் சுற்றி, இரு பக்கமும் முன்னால் கொண்டுவந்து, முன் டயரைத் தாண்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். இரண்டு டயரும் ஒரே அகலம் என்பதால், நூல் இரண்டின் ஓரங்களையும் ஒரே போலத் தொட வேண்டும். ஒரு முனையை நம் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். இடப்பக்கம் நூலுக்கும் முன் டயருக்கும் நடுவே நெல்மணி அளவு இடைவெளி தெரிந்தது. ஒரு பள்ளம் திருப்பியதும் மறைந்தது. அம்புகளை நேராக்குவதுபோல் நபி (ஸல்) அவர்கள் தொழுகை வரிசைகளை நேராக்கினார்கள் என்று நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். நேராக்குதல் என்பது கண்ணால் பார்த்துத் திருப்தி கொள்வதன்று, தொட்டு அளப்பது என்பது நூலைப் பிடித்த கையில் தெரிந்தது.

செயினின் தளர்ச்சி 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே செயின் மிகவும் இறுகும் இடத்தைத் தேடி, அவ்விடத்தில்தான் அளந்தார். தளர்ந்த இடத்தில் அளந்தால் இறுகிய இடத்தில் செயின் திணறும் என்றார். மஃரிப் பாங்கு சொல்லும்போது ஆக்சில் நட்டு இறுகியது. ஒளுச் செய்து பட்டறையிலேயே ஜமாஅத்தாகத் தொழுதோம்.

மட்கார்டுக்கு வருவோம். கேள்வி அங்கேதான் இருக்கிறது.

சென்னைப் புதுப்பேட்டையிலிருந்து வாங்கி வந்த வெறும் இரும்பு மட்கார்டு ஒன்று பட்டறையில் கிடந்தது. துளை இல்லை, தாங்கும் கம்பிகள் இல்லை, வர்ணம் இல்லை. வளைவு மட்டும் உண்டு. அந்த வளைவு டயரின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும்; சிறிய சக்கரத்துக்கு வளைத்ததைப் பெரிய சக்கரத்தில் வைத்தால் நடுவில் நெருங்கி ஓரங்களில் விலகி நிற்கும். டயரின் மேல் மூன்று இடங்களில் ரப்பர் ஹோஸ் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, அவற்றின் மேல் மட்கார்டை உட்கார வைத்தார். ஹோஸின் பருமனே இடைவெளி ஆகிறது. அழகாகத்தான் இருந்தது. டயரை அணைத்தாற்போல், ஒரே சீராக.

"இப்படியே மாட்டிட்டா?" என்று கேட்டோம்.

தம்பி சிரித்துக்கொண்டே இரண்டு ஷாக் அப்சர்பர்களையும் கழற்றிவிட்டு, சக்கரத்தைக் கையால் மேலே தூக்கிக் காட்டினார். சாலைப் பள்ளத்தில் விழும்போது சக்கரம் மூன்று அங்குலம் போல மேலே ஏறும். மட்கார்டு வண்டியின் சட்டத்தில் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தால் அந்த மூன்று அங்குல இடைவெளியும் எப்போதும் வேண்டும். கம்பெனி வண்டியில் மட்கார்டு உயரத்தில் நிற்பதற்கு அதுவே காரணம். அழகுக்காக நெருக்கி வைத்தால், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் ஏறும்போது டயர் இரும்பில் உரசும். இன்னொன்றையும் காட்டினார். போல்ட்டின் தலை உட்பக்கமும் நட்டு வெளிப்பக்கமும் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால், நீட்டிக்கொண்டிருக்கும் மரை டயரைக் கீறிவிடும்.

இவ்வளவும் ஓட்டுபவரின் பாதுகாப்பைப் பற்றியவை. மட்கார்டின் நீளம் வேறு விஷயம். டயரின் பின்பகுதி தரையிலிருந்து மேல்நோக்கி எழுகிறது. அதில் ஒட்டியிருக்கும் நீரும் சேறும் அதே திசையில் தெறிக்கும். மட்கார்டு எங்கே முடிகிறதோ, அங்கிருந்து கீழுள்ள டயர்ப்பகுதி எறிவதெல்லாம் வெளியே போகும். ஒரு சாண் நீளத்தில் வெட்டினால் ஓட்டுபவரின் முதுகு, பின்னால் அமர்பவரின் தலை, பின்னால் வரும் வண்டிக்காரரின் முகம் என்று எல்லாவற்றுக்கும் பங்கு கிடைக்கும். தாழ்வாக முடிந்தால் சேறு தரைக்கே திரும்பும். வண்டியின் எஞ்சினும் பிரேக்கும் விளக்கும் ஓட்டுபவருக்கு ஏதோ ஒரு வகையில் பயன்படுகின்றன. பின் மட்கார்டின் கீழ்ப்பாதி மட்டும் அவருக்கு ஒன்றும் செய்வதில்லை. அவர் ஒருபோதும் திரும்பிப் பார்க்காத மனிதர்களுக்காகவே அது இருக்கிறது.

இங்கே நமக்குக் கிதாபு நினைவுக்கு வந்தது. நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் முக்கியமான நூல். தெருச் சேற்றைப் பற்றி அதில் சட்டம் உண்டு. அசுத்தம் கலந்தது என்று உறுதியானால்கூட, பொதுவாகத் தவிர்க்க முடியாத அளவு ஆடையில் பட்டிருந்தால் தொழுகைக்கு மன்னிப்பு உண்டு என்பதும், அம்மன்னிப்பு காலத்துக்கும் சேறு பட்ட இடத்துக்கும் ஏற்ப மாறும் என்பதும் அச்சட்டத்தின் கருத்து. மழைக்காலத்தில் மன்னிக்கப்படுவது கோடையில் மன்னிக்கப்படாது. கைலியின் கீழோரத்தில் மன்னிக்கப்படுவது சட்டைக் கையில் மன்னிக்கப்படாது. அசுத்தம் உறுதியாகாத சேறு, அடிப்படையில் தூய்மையானதாகவே கருதப்படும்; சந்தேகப்பட்டு வேதனைப்பட வேண்டியதில்லை.

எத்துணை இரக்கமான சட்டம்! ஆயினும் அது தெருவில் நடப்பவரின் சிரமத்தை எண்ணித் தரப்பட்ட சலுகை. வண்டி ஓட்டுபவர் தம் மட்கார்டை வெட்டிவிட்டு, "பட்டால் என்ன, மன்னிப்பு உண்டே" என்று சொல்ல அதில் இடமில்லை என்பது நம் எண்ணம். ஜும்ஆவுக்கு வெள்ளை உடுத்துச் செல்லும் முதியவரின் முதுகில் சாக்கடை நீர் தெறித்தால், அவருடைய தொழுகை கூடுமா கூடாதா என்பது ஒரு கேள்வி; தெறிக்க வைத்தவரின் பொறுப்பு என்ன என்பது தனிக் கேள்வி. தானும் தீங்கிழைக்கக் கூடாது, தீங்குக்குத் தீங்கும் செய்யக் கூடாது என்ற நபிமொழி இரண்டாம் கேள்விக்கு உரியது. அடியார்களின் உரிமை தொழுதால் மட்டும் தீர்ந்துவிடாது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

சாரி கார்டின் விஷயம் இதைவிடக் கடுமையானது. நம் பெண்கள் புர்காவோடும் துப்பட்டாவோடும் வண்டியில் பக்கவாட்டாக அமர்கிறார்கள். துணியின் ஓரம் கம்பிகளுக்குள் போனால் சக்கரம் அதைச் சுற்றி இழுக்கும். அமர்ந்திருப்பவர் தாமாக விடுபட நேரம் இருக்காது. நம் தெருவிலேயே ஒரு சகோதரி இப்படி விழுந்து தோள் எலும்பு முறிந்து நான்கு மாதம் படுத்திருந்தார்கள். சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு ஒன்று மோட்டார் சைக்கிளில் இருக்க வேண்டும், பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காதிருப்பதற்காக என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி தெளிவாகவே சொல்கிறது. பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நாட்டின் சாலையில் ஓட்ட உரிமம் பெற்றவர் ஒப்பந்தம் செய்தவரே. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயம் தன் முதல் வசனத்திலேயே கட்டளையிடுகிறது.

தம்பிக்கு நாம் சொன்ன பதில் சுருக்கமானது. வண்டியை அழகாக்கிக் கொடுக்கும் கூலி ஹலால். பிறருக்குத் தீங்கு வரும் என்று தெரிந்தே வெட்டுவதற்கும் கழற்றுவதற்கும் வாங்கும் கூலியை விட்டு விலகிக்கொள்வதே நல்லது. அது தீமைக்குத் துணைபோவதில் சேரும்.

சொல்வது எளிது. கொட்டகை வாடகை இரண்டு மாதம் பாக்கி இருந்தது. தங்கையின் நிக்காஹ்வுக்கு நாள் குறித்தாகிவிட்டது. முன்பணத்தில் பாதி ரிம்முக்கும் டயருக்கும் செலவாகியிருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் கடன்தான் வாங்க வேண்டும். இவற்றையெல்லாம் அவர் நம்மிடம் முறையிடவில்லை. பக்கத்துக் கடைக்காரர் சொல்லி அறிந்தோம்.

இரண்டாம் மாலை வாடிக்கையாளர் வந்தார். நல்ல பிள்ளை, நம்மைக் கண்டதும் எழுந்து ஸலாம் சொன்னார். கைப்பேசியில் வெளிநாட்டு வண்டிகளின் படங்களைக் காட்டி, இப்படித்தான் வேண்டும் என்றார். தம்பி வெட்ட முடியாது என்றதும் முகம் மாறியது. "காசு கொடுக்கிறது நான், ஓட்டப் போறது நான். உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டார். நாம் குறுக்கிடவில்லை. அது அவர்கள் இருவருக்கும் இடையிலான வியாபாரம்.

தம்பி கேட்டது ஒன்றுதான். "வாப்பா இருக்கிறப்போ இந்த வண்டியில பின்னால யாரு உட்கார்ந்து வருவாங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்தப் புல்லட்டின் பின்னிருக்கையில், வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு அவருடைய தாயார் பக்கவாட்டில் அமர்ந்து செல்வதை இருபதாண்டுகளாக ஊரே பார்த்திருக்கிறது. மிச்சமிருந்த முன்பணத்தைத் தம்பி மேசைமேல் எடுத்து வைத்து, மீதியை மாத முடிவுக்குள் தந்துவிடுவதாகச் சொன்னார். வாடிக்கையாளர் பணத்தை எடுத்துக்கொள்ளவுமில்லை, பேசவுமில்லை. எழுந்து போய்விட்டார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தாராம். மட்கார்டு முழு நீளம் இருக்கட்டும், சாரி கார்டும் பின்னிருக்கையும் இருக்கட்டும், ஆனால் கம்பெனி வண்டிபோல் உயரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது, டயரை அணைத்தபடிதான் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்கியது என்று தம்பி சொன்னார்.

டயரை நெருங்கியும் இருக்க வேண்டும், பள்ளத்தில் உரசவும் கூடாது என்றால் மட்கார்டைச் சட்டத்தில் பொருத்தக் கூடாது. ஸ்விங் ஆர்மில் பொருத்த வேண்டும். அப்போது சக்கரம் ஏறும்போது மட்கார்டும் கூடவே ஏறும், இடைவெளி மாறாது. அதற்கு விலையும் உண்டு. சாலையின் ஒவ்வோர் அதிர்வும் நேராக மட்கார்டில் இறங்கும். தாங்கும் கம்பிகளில் சில மாதங்களில் விரிசல் விடும். ஆகவே நம்பர் பிளேட்டையும் பின் விளக்கையும் அதில் மாட்டாமல், சட்டத்திலிருந்து தனியாக ஒரு தாங்கி கொடுத்தார். தாங்கும் கம்பிகளைக் கனமாக்கி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ரப்பர் வாஷரும் அகலமான இரும்பு வாஷரும் வைத்தார். இன்னொரு கணக்கும் இருந்தது. செயினை இறுக்கும்போது சக்கரம் பின்னால் நகரும், மட்கார்டு நகராது. ஆகவே கேமை முதல் பள்ளத்தில் வைத்து ஒரு முறை, கடைசிப் பள்ளத்தில் வைத்து ஒரு முறை இடைவெளியைச் சோதித்தார். இரண்டிலும் உரசாத இடத்தில்தான் துளையிட்டார்.

துளையிடும்போது நாமும் அருகில் இருந்தோம். துளை போல்ட்டைவிடப் பெரிதானால் ஆட்டம் காணும்; மிக நெருக்கமானால் அதிர்வில் ஓரம் கிழியும். அல்லாஹ் தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததையும், போர்க்கவசம் செய்யும்போது வளையங்களின் கோப்பில் அளவைப் பேணுமாறு கட்டளையிட்டதையும் ஸபஃ அத்தியாயத்தில் ஓதுகிறோம். அதற்கு விரிவுரை எழுதிய முன்னோர், ஆணி மெல்லியதானால் வளையத்தில் ஆடும், பருத்ததானால் வளையத்தை உடைக்கும் என்று விளக்கியிருக்கிறார்கள். தம்பியிடம் இதைச் சொன்னோம். அவ்வசனத்தை அவரே கிராஅத்தாக ஓதினார். அந்த அத்தியாயம் இருபத்திரண்டாம் ஜுஸ்உவில் வருவது. அவர் நம்மிடம் ஓதிய பகுதியில் இல்லை. எப்போது மனனம் செய்தார் என்று நாம் கேட்கவில்லை.

வர்ணம் அடிப்பதற்கு முன் சோதனை பார்க்க வேண்டும் என்றார். நம் வெள்ளை ஜிப்பாவோடு நாமே சாலையோரம் நிற்பதாகச் சொன்னோம். அதை மறுத்துவிட்டு, பழைய வெள்ளைப் பெட்ஷீட் ஒன்றைப் பின்னிருக்கையில் கட்டி, இடப்பக்கம் கால்வைக்கும் படி வரை தொங்கவிட்டார். இன்னொரு வெள்ளைத் துண்டை மூங்கில் கழியில் கட்டிச் சாலையோரம் நட்டார். முந்திய இரவு நல்ல மழை. பட்டறைக்கு எதிரே மண்சாலையில் குட்டை தேங்கிக் கிடந்தது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து முறை போய் வந்தார்.

பெட்ஷீட்டை அவிழ்த்து விரித்துப் பார்த்தோம். இருக்கையில் விரித்த பகுதியில் ஒரு புள்ளிகூட இல்லை. தொங்கிய பகுதியின் கீழோரத்தில் நான்கைந்து புள்ளிகள். கிதாபு மன்னிக்கும் இடம்! மூங்கில் கழியில் கட்டிய துண்டு மட்டும் முழங்கால் உயரத்தில் சேறாகியிருந்தது.

"அது டயர் மேலே தூக்கி அடிக்கிறது இல்லை ஹஜ்ரத், குட்டையை மிதிச்சுப் பக்கவாட்டுல தள்ளுறது. அதை எந்த மட்கார்டும் தடுக்காது. ஆக்ஸிலேட்டரைக் குறைச்சாதான் உண்டு" என்றார். மறுபடி பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் போய்க் காட்டினார். புதிதாகக் கட்டிய துண்டு வெள்ளையாகவே இருந்தது.

பின்னால் வருபவர்களுக்கு இன்னும் சற்றுக் காப்பு வேண்டுமென்று, பழைய லாரி ட்யூபிலிருந்து ஒரு கை அகலத்துக்கு ரப்பரை வெட்டி மட்கார்டின் அடியில் மூன்று போல்ட்டுகளால் தொங்கவிட்டார். வாடிக்கையாளருக்கு அது பிடிக்கவில்லை. அழகைக் கெடுக்கிறது என்றார். ரப்பரின் கீழ்முனையைச் சற்று வளைவாக வெட்டிக் கொடுத்ததும் ஒப்புக்கொண்டார். விடுமுறை முடிய ஆறு நாள் இருக்கும்போது வண்டி வீடு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் வண்டி மீண்டும் பட்டறை வாசலில் நின்றது. ஏதோ பழுது என்று நினைத்தோம். அவருடைய தாயாருக்கு முழங்கால் வலி. இடப்பக்கக் கால்படியை ஓர் அங்குலம் உயர்த்தித் தர முடியுமா என்று கேட்டு அனுப்பியிருந்தார்கள். தம்பி இஞ்சி டேப்பை எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் குந்தினார்.